ஆவுடை சுவரைத் துளைத்தாள்

அந்தக் காலத்தில் பனைமரம் இத்தனை உயரம் கிடையாது. ஆடு நின்ற இடத்தில் நின்றபடியே குருத்தைக் கடித்துவிடலாம், அவ்வளவுதான். தன்னை மரம் என்று சொல்லிக்கொண்டால் பக்கத்தில் முள்ளோடு நிற்கும் உடைமரம் சிரிக்கும். ஆடும் பேசியது, மரமும் பேசியது. மரத்துக்கு உள்ளே குடியிருந்தவர்களும் பேசினார்கள். இன்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் செல் என்று படம் போட்டுக் காட்டுகிறார்களே, அவர்களைத்தான் சொல்கிறேன். கண்ணுக்குத் தெரியாத பொடிசுகள்தானே என்று நினைத்துவிட வேண்டாம். அவர்களுக்கும் கோபம் உண்டு, பொறாமை உண்டு, சண்டை போட்டால் மூன்று நாள் முகம் கொடுக்காமல் இருக்கும் வீம்பும் உண்டு.

ஒவ்வொருவருக்கும் ஓர் அறை. சுற்றிலும் கெட்டிச் சுவர். சுவரின் உள்பக்கம் மெல்லிய சவ்வு ஒன்று. எதை உள்ளே விடலாம், எதை விடக்கூடாது என்று பார்த்துப் பார்த்து விடுவது அதன் வேலை. உள்ளே உயிர்க்கூழ் ஓயாமல் சுற்றி ஓடும். கூழில் மிதக்கும் குட்டி அடுப்புகள் தித்திப்பை எரித்துத் தெம்பு கொடுக்கும். அறை நடுவில் பெரிய தண்ணீர்த் தொட்டி. தொட்டியை ஒட்டி, உருண்டையாக, உட்கரு.

இந்த உட்கரு இருக்கிறதே, அதை அவர்கள் சாமி மாதிரி வைத்திருந்தார்கள். அடுப்பு ஒன்று தேய்ந்துபோனால் புதுப் பாகம் எப்படிச் செய்வது, சவ்வு கிழிந்தால் எதை வைத்து ஒட்டுவது, சுவர் எழுப்ப எது வேண்டும், எல்லாம் அதற்குள் எழுதியிருந்தது. தன் பெயர் என்ன, கூடப் பிறந்தவள் யார் என்பதும் அதில்தான் இருந்தது.

அவர்களுக்குள் ஒரு சட்டமும் இருந்தது. ஒரு சுவருக்குள் ஒரு குடி. பேச வேண்டுமா, சுவரைத் தட்டிப் பேசலாம். கொடுக்கல் வாங்கல் இருந்தால் மேலும் கீழும் இருக்கும் சின்னச் சந்து வழியாக வைத்துக்கொள்ளலாம். பக்கத்துச் சுவரைத் துளைப்பது மட்டும் கூடவே கூடாது. ஒருத்தி அறையில் சாவு விழுந்தால், துளை வழியே அடுத்த அறைக்கும் போய்விடும் என்று பயந்தார்கள். பயந்ததில் நியாயமும் இருந்தது.

திருச்செந்தூர்ப் பக்கம் சிவப்பு மணல் மேடு மேடாகக் கிடக்கிறதே, தேரி என்பார்கள், அங்கே ஒரு பனை நின்றது. அந்தப் பனைக்குள் இருந்தவள்தான் ஆவுடை.

செல்களுக்குள் பிள்ளை பிறப்பது நம் வீட்டில் மாதிரி இல்லை. தாய் நடுவில் சுவர் எழுப்பிக்கொண்டு இரண்டாகப் பிரிவாள். பிரிந்த இரண்டும் பிள்ளைகள். தாய் என்று தனியாக ஒருத்தி மிஞ்சமாட்டாள். பெரும்பாலும் சரிபாதிதான் பிரிவார்கள். ஆவுடையின் தாய் பிரிந்தபோது சுவர் கோணிவிட்டது. அக்கா வெயிலுகந்தாளுக்கு நீளமும் அகலமுமாக ஒரு கூடம் கிடைத்தது. தங்கை ஆவுடைக்குக் கிடைத்தது கூடத்தின் பக்கச்சுவரை ஒட்டி ஒடுங்கிய ஓர் இடுக்கு.

இடம் போனால் போகட்டும், வேலையும் போய்விட்டது. அக்காவின் கூடம் வரிசையில் இருந்தது. வரிசை என்றால், இலையில் தொடங்கி வேர் வரைக்கும் ஒருத்திக்குக் கீழ் ஒருத்தியாக அடுக்கியிருந்த கூடங்கள். இலைக்காரர்கள் வெயிலில் சமைத்த தித்திப்பை இந்த வரிசைதான் கீழே கொண்டுபோனது. மேல் சந்தில் வாங்கி, உயிர்க்கூழில் ஏற்றி, தொட்டியையும் உட்கருவையும் சுற்றிக்கொண்டு வந்து, கீழ்ச் சந்தில் அடுத்தவளிடம் கொடுக்க வேண்டும். கொடுக்கும் முன் தன் வயிற்றுக்கு ஒரு வாய் எடுத்துக்கொள்ளலாம், சுமக்கிறவளும் சாப்பிடவேண்டாமா? இப்படிக் கைமாற்றிக் கைமாற்றி ஒரு நாளைக்கு ஒரு சாண் தூரம் போகும். பனை குள்ளமாகவே இருந்ததற்கு அதுதான் காரணம். உயர்ந்தால் வேருக்குச் சோறு போய்ச்சேராது.

ஆவுடையின் இடுக்குக்கு மேல் சந்தும் இல்லை, கீழ்ச் சந்தும் இல்லை. அக்காவைவிட அவளிடம் அடுப்புகள் அதிகம். உட்கருவும் முழுசாக இருந்தது. எல்லாம் இருந்தும் சுவரில் ஊறி வருவதைச் சாப்பிட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். வரிசைக்காரிகள் அவளை "ஒட்டுக்குடி" என்று கேலி பேசினார்கள். அக்கா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. ஆனாலும் அந்தக் கூடத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஆவுடைக்கு நெஞ்சு எரியும். ஒரே வயிற்றில் இருந்து வந்தவர்களில் ஒருத்திக்கு மட்டும் இவ்வளவு எதற்கு?

ஆவுடைக்கு அந்தப்புறம் இருந்தவர் கொம்பையா. நார்க்காரர். மரம் ஒடியாமல் தாங்குவது அவர்கள் கூட்டம். காலையில் எழுந்ததும் தன் சுவரை உள்பக்கமாக ஒரு பூச்சு பூசுவார். மாலையில் இன்னொரு பூச்சு. சுவர்ச் சட்டத்தைக் காப்பது தன் பொறுப்பு என்று அவராகவே எடுத்துக்கொண்டிருந்தார். யாரும் அவரிடம் கேட்கவில்லை.

அந்த வருஷம் ஆடிக்காற்று கொஞ்சம் அதிகமாகவே ஆடிவிட்டது. தேரி மணல் எழுந்து வந்து பனையின் அடியை மூடியது. ஒரு முழம் மூடியது; இரண்டு முழம் மூடியது. உடைமரம் கழுத்து வரை புதைந்து, சிரிப்பதை நிறுத்திவிட்டது. பனையின் குருத்து கத்தியது. "வளருங்கடே! இலையில மண்ணு விழுந்தா அம்புட்டுதான். எல்லாரும் பிரிஞ்சு பிரிஞ்சு மேல வாங்க!"

பனை வளர்ந்தது. அதுவரை எந்தப் பனையும் வளராத உயரம் வளர்ந்தது. மணல் மூன்றாள் உயரம் வந்தபோது குருத்து நாலாள் உயரத்தில் இருந்தது. காற்றும் ஓய்ந்தது. பிழைத்துவிட்டோம் என்று மேலே கூத்தும் கும்மாளமுமாக இருந்தார்கள்.

அப்போதுதான் கீழே இருந்து சேதி வந்தது. வெயிலுகந்தாளுக்கு நேர் கீழ்க்கூடத்தில் இருந்தவள் மாடத்தி. அவள் சந்தில் வாயை வைத்துக் கத்தினாள்.

"யக்கா, வேர்ல இருந்து சொல்லி விட்டுருக்காவ. கெழக்கு வேர் நுனியில பாதிப்பேரு பேச்சுமூச்சு இல்லாம கெடக்காவளாம். மிச்சப்பேரு இன்னும் நாலு நாளுதான் தாங்குவாவளாம். அவ்வளவும் போச்சுன்னா தண்ணி இழுக்க ஆளு கெடையாது."

வேர் தண்ணீர் இழுக்கவில்லை என்றால் இலை காயும். இலை காய்ந்தால் தித்திப்பு இல்லை. பிறகு மேலே என்ன, கீழே என்ன, எல்லாரும் ஒன்றாகத்தான் போவார்கள்.

"நாலு நாளா?" என்றாள் வெயிலுகந்தாள். "இப்ப நம்ம கையில இருக்க தித்திப்பு வேருக்குப் போய்ச்சேர ஒரு மாசம் ஆவுமேட்டி."

வரிசை முழுக்கப் பதறியது. வேகவேகமாக வாங்கினார்கள், வேகவேகமாகக் கொடுத்தார்கள். அவசரத்தில் சிந்தினார்கள். ஒருத்தி மேல் ஒருத்தி குற்றம் சொன்னார்கள். "நீ ரெண்டு வாய் எடுத்துக்கிடுத" என்று ஒருத்தி. "ஒன் வாய மூடு" என்று இன்னொருத்தி. கடைசியில் இனி யாரும் ஒரு வாய்கூட எடுப்பதில்லை என்று தீர்மானித்தார்கள். நல்ல தீர்மானம்தான். மறுநாள் மத்தியானத்துக்குள் வரிசையில் ஏழு பேர் மயங்கி விழுந்தார்கள், அந்த ஏழு கூடங்களிலும் தித்திப்பு தேங்கி நின்றது. ஒரு நாள் வீணாய்ப் போனது. இன்னும் மூன்று.

வெயிலுகந்தாள் மட்டும் கத்தவில்லை. அவள் தன் கூடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேல் சந்துக்கும் கீழ்ச் சந்துக்கும் நடுவில் தூரம் ரொம்பக் குறைவு. அந்தத் தூரத்தைக் கடக்க உயிர்க்கூழ் எத்தனை சுற்று சுற்றுகிறது! வழியை அடைத்துக்கொண்டு தொட்டி இருந்தது. அதை ஒட்டி உட்கரு இருந்தது.

அவள் பக்கச்சுவரைத் தட்டினாள்.

"ஏட்டி ஆவுடை. நடுவுல எதுவுமே இல்லன்னு வையி. மேலயும் கீழயும் சந்துக்குப் பதிலா சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்குன்னு வையி. அப்ப தித்திப்ப யாரும் கைமாத்த வேண்டியதில்லல்லா? இலைக்காரவுக மேல இருந்து தள்ளுத தள்ளுல தானா ஓடும்."

"நடுவுல எதுவுமே இல்லன்னா? எதச் சொல்லுத?"

"தொட்டியத்தான். அப்புறம் உட்கருவ."

ஆவுடைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு? உட்கரு இல்லாம நாளைக்கு ஒரு அடுப்பு கெட்டா எப்படிச் செய்வ? சவ்வு கிழிஞ்சா என்ன செய்வ?"

"கெடுத வரைக்கும் எரியும்லா? நாலஞ்சு நாளு தாங்கும்."

"அதுக்கப்புறம்?"

வெயிலுகந்தாள், "வேரு முழிச்சுக்கிட்டா அவுக தண்ணி இழுத்துருவாவ. குருத்துல புதுசா ஆளு பொறக்கும்" என்றாள்.

"அவுக பொறப்பாவ. நீ செத்துருவ."

"எல்லாருமாச் சாகுததுக்கு நான் ஒருத்தி போறேன்."

"ஏன் நீயி? மேல இத்தன பேரு இருக்காளுவளே, என்னைய ஒட்டுக்குடின்னு பேசுத அத்தன பேரும், அவளுவ செய்யட்டும்!"

"மொதல்ல ஒருத்தி செஞ்சாத்தான அடுத்தவ செய்வா" என்றாள் அக்கா. பயம் இல்லாமல் ஒன்றும் அவள் பேசவில்லை. "ரொம்ப நேரம் பேசுனம்னா எனக்கு மனசு மாறிரும். சும்மா இரு."

ஆவுடை சுவரைத் தட்டினாள், அடித்தாள், கெஞ்சினாள். உச்சிவெயில் நேரம். இலைக்காரர்கள் மும்முரமாகச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். சுவருக்கு அந்தப்புறம் முதலில் தொட்டி உடைகிற சத்தம் கேட்டது. பிறகு மேல்சுவரிலும் கீழ்ச்சுவரிலும் பொடிப்பொடியாக ஓட்டைகள் விழும் சத்தம். பிறகு வெகுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை. அந்த அமைதியில்தான் வெயிலுகந்தாள் தன் உட்கருவைக் கரைத்துக்கொண்டிருந்தாள். அதில் எழுதியிருந்தது எல்லாம் எழுத்து எழுத்தாகக் கரைந்து போனது.

பிறகு ஓட்டம் கேட்டது. மேலே தேங்கி நின்ற தித்திப்பு மடை திறந்த மாதிரி அந்தக் கூடத்துக்குள் பாய்ந்து, கண்மூடித் திறப்பதற்குள் கீழே மாடத்தியின் தலையில் கொட்டியது. "யம்மாடி!" என்று மாடத்தி அலறியது மூன்று வரிசைக்குக் கேட்டது.

ஒருத்தி செய்ததைப் பார்த்ததும் அடுத்தவளுக்குத் தைரியம் வந்தது. மாடத்தி அழுதுகொண்டே கரைத்தாள். மேலே இருந்தவளும் கரைத்தாள். மயங்கிக் கிடந்த ஏழு பேரும் தித்திப்பு வாயில் பட்டதும் எழுந்து கரைத்தார்கள். கேலி பேசியவர்கள்கூடச் செய்தார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். பொழுது சாய்வதற்குள் இலை முதல் வேர் வரைக்கும் ஒரே குழாயாகிவிட்டது. வேர் நுனியில் கிடந்தவர்கள் வாயில் தித்திப்பு விழுந்தது. அவர்கள் எழுந்து தண்ணீர் இழுத்த சத்தம் மேலே குருத்து வரைக்கும் கேட்டது.

ஆவுடை சுவரைத் தட்டினாள். "யக்கா! வேரு பொழைச்சிட்டு! கேட்டியா?"

"யாரு தட்டுதது?" என்றாள் வெயிலுகந்தாள்.

"நாந்தான். ஆவுடை."

"ஆவுடைன்னா?"

ஆவுடை இடுக்கில் சுருண்டு உட்கார்ந்து அழுதாள். அக்கா சாவாள் என்று அவளுக்குத் தெரியும். அதற்கு முன்பே தன்னை மறந்துபோவாள் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

முதல் நாள் ஓட்டம் நன்றாக இருந்தது. இரண்டாம் நாளும் குறையில்லை. மூன்றாம் நாள் காலையில் வெயிலுகந்தாளின் கூடத்தில் ஓர் அடுப்பு அணைந்தது. ஆவுடை சுவரில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். மத்தியானத்துக்குள் பத்து அணைந்தன. பொழுது சாயும்போது எண்ணிக்கை தவறிவிட்டது. சவ்வு அங்கங்கே தளர்ந்து, தித்திப்பு சுவரில் கசிந்தது. கசிந்ததை நக்கிப் பார்த்தாள் ஆவுடை. இத்தனை நாளும் சுவரில் ஊறி வந்ததைவிட நூறு மடங்கு தித்தித்தது. அவள் அதைத் துப்பிவிட்டாள்.

மற்ற கூடங்களிலும் அதே கதைதான். மேலும் கீழும் அடுப்புகள் அணைந்துகொண்டிருந்தன. வெயிலுகந்தாள் போட்ட கணக்கில் ஒரு தப்பு இருந்தது. வேர் பிழைத்தது உண்மை. ஆனால் வரிசை செத்தால் குழாய் உடைந்துபோகும், வேருக்கு மறுபடி பட்டினிதான். புதிதாக ஒரு வரிசை பிறந்து வளர ஒரு மாசம் வேண்டும். அதுவரை வேர் தாங்காது.

நான்காம் நாள் காலையில் கொம்பையா அந்தப்பக்கச் சுவரைத் தட்டினார்.

"ஏட்டி, அழுதுக்கிட்டே கெடக்காத. போறவ போறா. அவ போனா அந்தக் கூடம் ஒனக்குத்தான வரும்? அடுத்தாப்ல இருக்கவ நீதான."

ஆவுடைக்குக் கோபம் வந்தது. கோபம் வருவதற்கு முன்னால் வேறு ஒன்று வந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அந்தக் கூடத்தின் நீளத்தையும் அகலத்தையும் அவள் மனசுக்குள் அளந்து பார்த்தாள். தொட்டியை எங்கே வைக்கலாம் என்றுகூட யோசித்தாள். மறு நொடியே அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

"அண்ணாச்சி, நான் இந்தச் சுவரத் துளைக்கப் போறேன்" என்றாள்.

கொம்பையா பூசிக்கொண்டிருந்த பூச்சை அப்படியே நிறுத்திவிட்டார். "எந்தச் சுவர?"

"அக்கா சுவர. எங்கிட்ட அடுப்பு இருக்கு. உட்கரு இருக்கு. எல்லாம் தெரிஞ்சும் வேல இல்லாம இருக்கேன். அவளுக்கு வேல இருக்கு, ஒண்ணும் தெரியல."

"சட்டம் என்னன்னு தெரியுமா ஒனக்கு? அவ சாவு ஒன் வீட்டுக்குள்ள வந்துரும் ஆமா. அது மட்டும் இல்ல, அங்க எம்புட்டு வேகத்துல ஓடுதுன்னு கேக்குதுல்லா? ஒன் இடுக்கு ஒரு நிமிசத்துல வெடிச்சிரும்."

"வெடிச்சா வெடிக்கட்டும்."

"வெடிச்சா ஒனக்கு மட்டுமா? கசிவு எனக்கும் வரும்லா! ஒன்னய மாதிரி சின்னப் பிள்ளைக்கு நாளைக்கு காலம் இருக்கு. நீயும் பிரியணும், ரெண்டு பேரப் பெத்துப் போடணும். எல்லாத்தையும் விட்டுட்டு..."

அவர் சொல்லி முடிப்பதற்குள் ஆவுடை தொடங்கிவிட்டாள். சுவர் எழுப்ப என்ன வேண்டும் என்று உட்கருவில் எழுதியிருந்தது. சுவரைக் கரைக்க என்ன வேண்டும் என்பதும் அதன் பக்கத்திலேயே எழுதியிருந்தது. அதுவரை யாரும் அந்த இடத்தைப் படித்ததில்லை. அவள் சாறு காய்ச்சி, சுவரில் ஓரிடத்தில் தடவினாள். சுவர் இளகியது. குழிந்தது. ஓட்டை விழுந்தது.

தித்திப்பு பீறிட்டுக்கொண்டு உள்ளே வந்தது. வந்த வேகத்தில் அவள் அடுப்புகள் ஒன்றோடு ஒன்று மோதின. இடுக்கு வீங்கியது. சவ்வு சுவரோடு சுவராக ஒட்டி, இழுபட்டு, மெலிந்து, இதோ கிழியப்போகிறது என்கிற இடத்துக்கு வந்துவிட்டது. கொம்பையா அந்தப்பக்கம் "சொன்னேம்லா! சொன்னேம்லா!" என்று கத்திக்கொண்டு அள்ளி அள்ளிப் பூசினார்.

ஆவுடைக்குக் கண் இருட்டியது. ஓட்டையை அடைத்துவிட்டால் தான் பிழைக்கலாம். அடைக்கும் பசையும் கையில் இருந்தது. அடைப்பதற்காக ஓட்டையை நோக்கிப் போனவள், அந்தப்பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறந்ததில் இருந்து அக்காவின் கூடத்தை அவள் உள்ளிருந்து பார்த்ததே இல்லை. வெறும் கூடம். நடுவில் ஒன்றுமே இல்லை. ஓரத்தில் இருந்த கொஞ்சநஞ்ச உயிர்க்கூழில் மூன்றே மூன்று அடுப்புகள் புகைந்துகொண்டிருந்தன.

அவள் ஓட்டையை அடைக்கவில்லை. இறுக்கினாள். பசையை ஓட்டையின் விளிம்பில் வைத்து வைத்து ஊசி நுழையும் அளவுக்குக் குறுக்கினாள். தன் சவ்வின் ஓரத்தை அந்த ஓட்டை வழியே இழுத்துக்கொண்டுபோய் அக்காவின் சவ்வோடு சேர்த்து ஒட்டினாள். அப்படியும் வேகம் அடங்கவில்லை. உடனே தன் பக்கத்தில் அந்த ஓட்டையை நாலைந்து கிளையாகப் பிரித்துவிட்டாள். வாய்க்கால் தண்ணீரைப் பாத்திக்குப் பாத்தி பிரித்து விடுவதுபோல. வேகம் உடைந்தது. வீங்கிய இடுக்கு மெல்ல மெல்லத் தணிந்தது. ஆவுடை உயிரோடுதான் இருந்தாள்.

நின்று மூச்சுவிட நேரமில்லை. மூன்று அடுப்பில் ஒன்று அணைந்துவிட்டது.

அடுப்பைச் சரிசெய்யும் விதத்தைச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தாள். "யக்கா, மொதல்ல இந்த மடிப்ப எடு, அதுக்கு மேல..." பாதி சொல்வதற்குள் முதல் பாதி அக்காவுக்கு மறந்துவிட்டது. எழுதி வைக்க அவளிடம் இடம் இல்லை. சொல்லிக்கொடுத்துப் பிரயோசனம் இல்லை என்று ஆவுடைக்குப் புரிந்தது. தானே பாகத்தைச் செய்தாள். தன் உட்கருவைப் படித்து, தன் அடுப்பில் தெம்பு எடுத்து, அக்காவின் அடுப்புக்கு வேண்டிய பாகத்தை முழுசாகச் செய்து, பொட்டலமாக மடித்து, அந்த ஊசி வழியில் தள்ளினாள். அடுத்த பாகம். அடுத்தது. சவ்வு ஒட்டும் பசை. ஓட்டை அடைபடாமல் இருக்க மெழுகு. மறுபடி அடுப்புக்குப் பாகம்.

மத்தியானம் சாய்ந்தபோது அணைந்த அடுப்பு ஒன்று பற்றிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. கசிவு நின்றது.

"யாரு இதெல்லாம் குடுக்கது?" என்று கேட்டாள் வெயிலுகந்தாள். குரலில் பழைய தெம்பு இருந்தது.

ஆவுடை கொஞ்சம் யோசித்தாள். "பக்கத்து வீடு" என்றாள்.

"நல்லாருப்ப, தாயி" என்றாள் அக்கா.

கொம்பையாவுக்குக் கேட்டுவிட்டது. அவர் மெதுவாகச் சுவரைத் தட்டினார். "பேரச் சொல்ல வேண்டியதுதானட்டி? தங்கச்சின்னு சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா கொஞ்ச நேரத்துல மறந்துருவா அண்ணாச்சி. மறுபடி யாருன்னு கேப்பா. கேக்க கேக்க எனக்குத்தான வலிக்கும். பக்கத்து வீடுன்னா மறந்தாலும் ஒண்ணும் இல்ல."

அன்று சாயங்காலம் கொம்பையா பூச்சு பூசவில்லை என்று சொல்வார்கள்.

மேலேயும் கீழேயும் வரிசையை ஒட்டி ஆவுடை மாதிரி எத்தனையோ ஒட்டுக்குடிகள் இருந்தார்கள். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆவுடையின் இடுக்கையே கவனித்துக்கொண்டிருந்தார்கள். அவள் வெடிக்கவில்லை, சாகவில்லை என்று தெரிந்ததும் ஒருத்தி தன் அக்காவின் சுவரில் சாறு தடவினாள். பிறகு இன்னொருத்தி. ஊசி வழி எப்படி, கிளை எப்படி என்று ஆவுடை வேலை செய்துகொண்டே கத்திக் கத்திச் சொன்னாள். மாடத்தியின் தங்கை கொஞ்சம் தாமதித்துவிட்டாள். அவள் துளைத்து முடித்தபோது மாடத்தியிடம் எரிந்துகொண்டிருந்தது ஒரே ஓர் அடுப்பு. அது போதுமாக இருந்தது. பொழுது இறங்குவதற்குள் இலை முதல் வேர் வரைக்கும் அணைந்த அடுப்புகள் திரும்பப் பற்றிக்கொண்டன.

பனை பிழைத்தது. அடுத்த ஆடியில் மணல் இன்னொரு முழம் ஏறியது. பனை இரண்டு முழம் ஏறியது. இனி எவ்வளவு உயர்ந்தாலும் வேருக்குச் சோறு போகும் என்று தெரிந்துவிட்டதே.

ஒருநாள் குருத்தில் இருந்து ஆவுடைக்குச் சேதி வந்தது. இவ்வளவு கெட்டிக்காரி அந்த இடுக்கில் கிடப்பானேன், நீ பிரிந்து பெருகினால் ஒரு வரிசைக்கே தாயாகலாமே என்று கேட்டிருந்தார்கள். கொம்பையாவும் "போயேம்ட்டி, ஒனக்கும் ஒரு வாழ்வு வேணும்லா" என்றார். ஆவுடை கையில் பாகத்தை வைத்துக்கொண்டே யோசித்தாள். பிரிய வேண்டும் என்றால் வேலையை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் நாலாம் நாள் சுவருக்கு அந்தப்புறம் அடுப்பு அணையும். துளையை அடைத்துவிட்டுப் போகலாம் என்றால், அவள் சவ்வு எது, அக்காவின் சவ்வு எது என்று இப்போது அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"கைவேலயா இருக்கேன்னு சொல்லிருங்க அண்ணாச்சி" என்றாள். ஊசி வழியில் பொட்டலத்தைத் தள்ளினாள். "யாரு குடுக்கது?" என்று அந்தப்புறம் கேட்டது. "பக்கத்து வீடு" என்றாள்.

மற்ற மரங்களும் செடிகொடிகளும் பனையைப் பார்த்துத் தாங்களும் அப்படியே செய்துகொண்டன. பாளையைச் சீவினால் பதநீர் சொட்டுகிறதே, அது அந்தக் கூடங்கள் வழியே ஓடிவரும் தித்திப்புதான். பனைக்குள் இருக்கும் கூடங்கள் நூறு வருஷம்கூட உயிரோடு இருக்கும் என்கிறார்கள். அன்று முதல்தான், தித்திப்பு ஓடும் வழியில் உட்கருவே இல்லாமல் ஒருத்தி உயிர் வாழ்கிறாள். அவள் பக்கச்சுவரை ஒட்டிய இடுக்கில், அவள் யார் என்று தெரிந்த ஒருத்தி, அவளுக்கும் சேர்த்து அடுப்பு எரிக்கிறாள். இருவரில் ஒருத்தி செத்தால் மற்றவளும் அதோடு சாகிறாள்.